லைகா 3எஃப்பா, எம்3யா?

லைகாவின் இந்த இரண்டு பழைய ஃபிலிம் கேமராக்களுக்கும் பேட்டரி வேண்டாம். உள்ளே வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரும் கிடையாது. வித்தியாசம் கண் வைக்கும் இடத்தில் இருக்கிறது. 1950இல் வந்த 3எஃப்பில் ஃபோகஸ் பார்க்க ஒரு துளை, படத்துக்குள் எது அடங்கும் என்று பார்க்க இன்னொன்று. முதல் துளையில் இரட்டையாகத் தெரியும் உருவம், லென்ஸைத் திருப்பத் திருப்ப ஒன்றாகும். அப்புறம் கண்ணை நகர்த்த வேண்டும். அதற்குள் குழந்தை சிரித்து முடித்திருக்கும்! 1954இன் எம்3யில் இரண்டும் ஒரே ஜன்னலில். தினமும் படம் எடுப்பவருக்கு என் ஓட்டு இதற்கே.

ஃபிலிம் போடுவதிலும் 3எஃப் பாடாய்ப் படுத்தும்: நுனியை நீளமாகக் கத்தரித்து, அடிவழியாகச் செருக வேண்டும். எம்3யிலும் அடிமூடியைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் பின்கதவு திறப்பதால் ஃபிலிம் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிடலாம்.

3எஃப்பில் ஃபிலிமை அடுத்த படத்துக்குச் சுற்றிய பிறகே ஷட்டர் வேகத்தை மாற்றுங்கள். மடக்கு லென்ஸோடு கோட்டுப் பைக்குள் எளிதாக அடங்குவது அதுதான்.