மின்வாசிப்பானுடன் மூன்று ஆண்டுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். லோரி வந்தால் எடை போடுவேன். அடுத்த லோரி வரும்வரை காத்திருப்பேன். அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆவியில் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பதால் இரவிலும் வண்டிகள் வரும். அந்த இடைவெளிகளைப் பல ஆண்டுகளாகக் கைப்பேசியே தின்றது. பள்ளி நாளில் புத்தகம் கிடைத்தால் சோறு தண்ணீர் மறந்தவனுக்கு, நாற்பது வயதில் இரண்டு பக்கம் தாண்டவில்லை.

2022இல் ஏறக்குறைய 700 வெள்ளி கொடுத்து, மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள இந்த மின்வாசிப்பானை வாங்கினேன். 6.8 அங்குலத் திரை, 205 கிராம் எடை. காகிதம்போல் தோன்றும் மின்மைத் (இ-இங்க்) திரை என்பதால் கண் எரியவில்லை; வெயிலிலும் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. அழைப்பும் வராது, காணொளியும் ஓடாது. என்னைப் போன்றவனுக்கு அதுதான் பெரிய வசதி.

ஆனால் முதல் மாதமே அலமாரியில் போட்டுவிட்டேன். படித்தே தீரவேண்டிய நூல்கள் என்று முப்பது தலைப்புகளை ஏற்றி, தேர்வுக்குப் போகிறவன்போல் உட்கார்ந்தேன், கொட்டாவிதான் வந்தது. பிறகு ஒரு மழை இரவில் லோரிகள் தாமதமாயின. பட்டியலில் இல்லாத ஒரு துப்பறியும் கதையைத் திறந்தேன். வண்டிக்காரர் ஹாரன் அடித்தது காதில் விழவேயில்லை! பட்டியலை அன்றே அழித்தேன். பிடிக்காவிட்டால் இருபதாம் பக்கத்தில் மூடிவிடுகிறேன், பிடித்ததை இரண்டு முறை படிக்கிறேன்.

தமிழ் நூல்களுக்குப் பஞ்சமில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பழைய இலக்கியம் இலவசமாகக் கிடைக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த கோப்புகள் உண்டு. ஏ4 அளவுப் பிடிஎஃப் வேண்டாம், எழுத்து எறும்பாகிவிடும். திரைக்கேற்ப எழுத்து அளவை மாற்றக்கூடிய இபப் (EPUB) கோப்பையே எடுங்கள்.

குறைகளும் உண்டு. முதல் ஆண்டு மூன்று வாரம் தாங்கிய மின்கலம் இப்போது பத்து நாளில் இறங்குகிறது. தனியே வாங்கிய தோலுறை நம் ஊர் ஈரக்காற்றில் உரிந்துவிட்டது, துணிப்பை தைத்துக்கொண்டேன். குலை வரத்து மிகுந்த மாதங்களில் ஒரு பக்கமும் ஓடாது, அது கருவியின் பிழையன்று.

நான் எதிர்பாராதது அம்மாவை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலும் ஞாயிற்றுக்கிழமை தமிழ் நேசனை வரி விடாமல் படித்தவர். 2019இல் அந்த நாளிதழ் நின்றது. அவருக்குப் பார்வையும் மங்கியிருந்தது, படிப்பதையே விட்டுவிட்டார். சென்ற ஆண்டு எழுத்தை மிகப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பக்கத்துக்கு நாற்பது சொல்தான் தெரியும். விரலால் தட்டித் தட்டி ஒரு நாவலை ஐந்து வாரத்தில் முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று கேட்டார்.

மாலை வேலைக்கு மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். இன்னும் நாலு பக்கம் என்று அம்மா விரல் காட்டுகிறார். காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருக்கிறேன்.