பச்சை லினன் சட்டை: காலர் திருப்பிய பிறகு எழுதுவது

காலரைத் திருப்பித் தைத்து வாங்கி வந்த அன்று சாயங்காலமே நண்பன் கேட்டான்: "டேய், அந்தப் பச்சை லினன் சட்டை எப்படிடா இருக்கு? நானும் ரெண்டு எடுக்கலாம்னு பாக்கறேன்." ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். கையில் சட்டையும் மனதில் எரிச்சலும் இருந்ததால் இவ்வளவு நீளம்.

நாலு வருஷமாகப் போடுகிறேன். வேலைக்கு ஒரு நாள்கூடப் போட்டதில்லை. வேலைக்கு வெளிர்நீலம், சாம்பல், மறுபடி வெளிர்நீலம் என்று யாரும் திரும்பிப் பார்க்காத சட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றைக் குறை சொல்லவில்லை, அவற்றின் வேலையே அதுதான். இதுவோ ராமர் பச்சைக்கும் மயில்கழுத்துக்கும் நடுவில் ஒரு நிறம். முதல் நாள் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் இரண்டு முறை கழற்றிவிட்டேன். மூன்றாம் முறை யோசிக்காமல் கிளம்பிவிட்டேன். இப்போது லீவு நாளில் அலமாரியைத் திறந்தால் கை தானாக அதைத்தான் எடுக்கிறது. கூட்டத்தில் என்னைத் தொலைத்துவிட்டால் வீட்டில் எல்லோரும் தேடுவது பச்சைச் சட்டையைத்தான், என்னை இல்லை.

அளவு, தையல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு அளவு பெரிதாக எடுத்தேன், முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கிச் சரியாக வந்தது. பட்டன் ஒன்று போனது. பாக்கெட்டில் போன் வைத்தால் சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கும். அவ்வளவுதான்.

இனி கசங்கல்.

பருத்தியும் கசங்கும், தெரியும். ஆனால் பருத்திக்குக் கொஞ்சமாவது கூச்சம் உண்டு. இதை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வண்டியில் பத்து நிமிடம் உட்கார்ந்து இறங்கினால் போதும்: வயிற்றுக்குக் குறுக்கே மூன்று கோடு, முழங்கையின் உள்பக்கம் விசிறி மாதிரி மடிப்பு. முதுகு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது, பின்னால் வருகிறவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். "ஏங்க, தூங்கி எழுந்து அப்படியே வந்துட்டீங்களா?" என்று மனைவி கேட்டபோது, கிளம்புவதற்கு முன் இருபது நிமிடம் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆத்திரத்தில் காரணம் தேடிப் படித்தேன். ஆளி விதை தருகிற அதே செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார்தான் லினன். அந்த நாருக்கு நெகிழ்வு என்பதே கிட்டத்தட்ட கிடையாது. அறுவதற்கு முன் 2, 3 சதவீதம்தான் நீளும். பருத்தி சுமார் 7 சதவீதம், கம்பளி 25-க்கு மேல். மடங்கினால் மடங்கிய இடத்திலேயே நின்றுவிடும், பழைய நிலைக்கு வர அதற்கு மனம் வராது. இதில் உடம்புச் சூடும் வியர்வை ஈரமும் சேர்ந்தால், இஸ்திரிப் பெட்டி செய்கிற அதே வேலையை நாற்காலியும் செய்கிறது. ஆக, நான் உட்காரும்போதெல்லாம் என் சட்டைக்குக் கோணலாக இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எகிப்தில் தர்கான் என்ற இடத்தில் தோண்டி எடுத்த லினன் உடை ஒன்று லண்டனில் பீட்ரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது 5,000 வருஷத்துக்கு மேல். கிடைத்திருக்கிற நெய்த உடைகளிலேயே மிகப் பழையது என்கிறார்கள். 1913-ல் அழுக்குத் துணி மூட்டையோடு மூட்டையாக வந்து சேர்ந்ததை 1977-ல்தான் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அதன் முழங்கையிலும் அக்குளிலும், யாரோ போட்டுக் கசக்கிய மடிப்பு இன்னும் இருக்கிறது. படித்ததும் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். ஐயாயிரம் வருஷமாகப் போகாததா என் இருபது நிமிடத்துக்குப் போய்விடப் போகிறது?

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இந்தச் சட்டை உடம்பில் ஒட்டாது. கசங்கவைக்கிற அந்த விறைப்புதான் துணியைத் தோலிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறது, நடுவில் காற்று போய்வருகிறது. சாதாரண ஈரக் காற்றில் வைத்தால் லினன் தன் எடையில் சுமார் 12 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், பருத்தி 8.5, பாலியஸ்டர் வெறும் 0.4. என் வெளிர்நீலச் சட்டைகளில் பாதிக்கு மேல் பாலியஸ்டர். அதைப் போட்டுக்கொண்டு படியேறினால் முதுகில் ஈரத் தாள் ஒட்டியது போலிருக்கும். பச்சைச் சட்டையில் அந்தத் தொல்லை ஒரு நாளும் வந்ததில்லை.

அப்புறம் கை மடிப்பு. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மற்ற சட்டைகளில் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டால் அரை மணி நேரத்தில் நழுவி மணிக்கட்டுக்கு வந்துவிடும். இதில் இரண்டு சுருட்டு சுருட்டினால் ராத்திரி கழற்றும் வரை அங்கேயே நிற்கிறது. பாத்திரம் தேய்க்கும்போதும் இறங்குவதில்லை. நனைந்தால் இந்த நார் இன்னும் வலுவாகும் என்பதால் துவைக்கவும் பயப்பட வேண்டாம். முதல் பத்துத் துவைப்பு வரை கழுத்தில் சற்றுக் குத்தியது. இப்போது தோளருகே துணி பழைய வேட்டி மாதிரி இருக்கிறது. வெளிப்பக்கமாகவே வெயிலில் காயப்போட்டதில் தோள்பட்டையில் நிறம் ஒரு சாயல் இறங்கியிருக்கிறது. அது என் சோம்பேறித்தனம், சட்டையின் தப்பு இல்லை.

காலர் விஷயத்திலும் பாதிப் பழி என்னுடையதுதான். உடம்புப் பகுதி கசங்கித் தொலையட்டும், காலராவது கத்தி மாதிரி நிற்கட்டும் என்று, லேபிளில் மூன்று புள்ளி போட்டிருக்கிறதே என்ற தைரியத்தில் (மூன்று புள்ளி என்றால் 200 டிகிரி வரை தாங்கும்) அந்த மடிப்பை வாராவாரம் அழுத்தித் தேய்த்தேன். நெகிழ்வில்லாத நார் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப மடிந்தால் அந்தக் கோட்டிலேயே முறிந்துவிடும். மற்ற இடமெல்லாம் புதுசு போலிருக்க, காலர் மடிப்பில் மட்டும் நூல் நூலாகப் பிரிந்து வந்தது. டெய்லர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பெட்டிய வச்சு அமுக்குனீங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன். ஆனால் இது கசங்காமல் இருந்திருந்தால் நான் ஏன் அமுக்கப் போகிறேன்?

நடுவில் கசங்காத லினன் என்று ஒன்றை எடுத்தேன். ரசாயனப் பூச்சு கொடுத்து நாரை இறுக்கி வைத்திருக்கிறார்கள். கசங்கவில்லைதான். அட்டைப் பெட்டிக்குள் கையை விட்டது போலிருந்தது. தம்பிக்குக் கொடுத்துவிட்டேன், அவனும் போடுவதாகத் தெரியவில்லை.

இப்போது என் வழக்கம் இதுதான்: பிழியாமல் உதறிக் கொடியில் போட்டு, முக்கால்வாசி காய்ந்ததும் எடுத்து, முன்பக்கத்தை மட்டும் லேசாகத் தேய்ப்பேன். காலர் மேல் பெட்டி வைப்பதே இல்லை. கிளம்பும்போது நன்றாக இருக்கும். போய்ச் சேரும்போது இருக்காது.

நண்பனுக்குப் பதில்: எடுக்காதே. நீ உட்காரும் முன் பேன்ட் மடிப்பைச் சரிசெய்கிற ஆள், ஒரே வாரத்தில் என்னைத் திட்டுவாய். ஐந்துக்கு இரண்டு. போன வாரம் கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன், ஆனால் இன்று ஒரு குரூப் போட்டோவில் என் முதுகைப் பார்த்துவிட்டேன்.

காலரை இனித் திருப்ப முடியாது, இருந்த இன்னொரு பக்கமும் வெளியே வந்துவிட்டது. இதுவும் போனால் என்ன செய்வது என்று டெய்லரிடம் அப்போதே கேட்டுவைத்தேன். "மேல்துண்ட எடுத்துட்டு சைனீஸ் காலர் ஆக்கிரலாம் சார்" என்றார். இப்போதே செய்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.