உறையில் பெயரில்லாத குளிசை

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் அவசர கருத்தடைக் குளிசை தேடி அலைய நேரும் பெண்களுக்காக, எனக்கு நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். நான் மணமாகி இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள்; எங்கள் ஊர் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏ9 வீதியோரத்து மருந்தகம் ஒன்றுக்குப் போனேன். கடையில் நின்றவர், மற்றவர்கள் காதிலும் விழும்படியாக, "அது கருக்கலைக்கிற மருந்து தங்கச்சி, தந்தால் எங்களைத்தான் பிடிப்பார்கள், வேண்டுமென்றால் கணவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார். கருக்கலைப்புக்கு எதிரான 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவை நினைத்துத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் கேட்ட அவசர கருத்தடைக் குளிசையான லெவோநொர்கெஸ்ட்ரல், சூல்முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடும் மருந்து. ஏற்கெனவே தரித்த கருவை அது கலைக்காது. மருந்து விற்பவருக்கே இது தெரியாதிருந்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த பெண் முகத்தைச் சுளித்தாலும் மறுக்கவில்லை. பழுப்புக் காகித உறை ஒன்றில் சில குளிசைகளைப் போட்டு, உறையின்மேல் 1-1-1 என்று மட்டும் எழுதித் தந்து, பற்றுச்சீட்டு இல்லாமலே காசை வாங்கிக்கொண்டார். மருந்தின் பெயரைக் கேட்டதற்கு, "நீங்கள் கேட்டதுதான்" என்றார். நான் நம்பி, நாளுக்கு மூன்று வேளை விழுங்கினேன்.

திங்கட்கிழமை காலை நாங்கள் மிஸி என்று அழைக்கும் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி) வந்தபோது, ஏதோ மனம் கேளாமல் அந்த உறையை அவரிடம் காட்டினேன். வெட்டப்பட்ட தகட்டின் ஓரத்தில் பெயரின் கடைசி எழுத்துகளான "ஸ்டெரோன்" என்பதும் 5 மில்லிகிராம் என்பதும் மட்டுமே எஞ்சியிருந்தன. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மிஸி சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ பிள்ளை, இது திருவிழாவுக்கு மாதவிடாயைத் தள்ளிப்போடக் குடிக்கிற நோரெதிஸ்டெரோன்" என்றார். அப்போது ஏறத்தாழ அறுபது மணித்தியாலங்கள் கடந்திருந்தன. நான் இழந்தது காசைவிட அந்த மணித்தியாலங்களைத்தான், ஏனெனில் உரிய குளிசையை 72 மணித்தியாலத்துக்குள், அதிலும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது என்ற கணக்கில் எடுக்க வேண்டும்.

அவர் சொன்ன வேறொரு மருந்தகத்தில், கேள்வி கேட்காமல், முத்திரை உடையாத பெட்டியாகத் தந்தார்கள். 0.75 மில்லிகிராம் குளிசைகள் இரண்டையும் ஒன்றாகவே விழுங்கலாம் என்றும், இரண்டு மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் மீண்டும் எடுக்க வேண்டும் என்றும், வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து குடிப்பவர்களுக்கு இதன் பலன் குறையலாம் என்றும் மிஸி முன்பே விளக்கியிருந்தார். பிந்திவிட்டால் ஐந்து நாட்களுக்குள் கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான செப்பு லூப் போடும் வழியும் உண்டாம். அதுவே எல்லாவற்றிலும் பலன் கூடியது. இரண்டு இடங்களில் காசோடு நின்ற எனக்கு ஒருவராவது இதைச் சொல்லவில்லை.

மாதவிடாய் எட்டு நாள் பிந்தி வந்தது. அதற்குள் இரண்டு முறை சிறுநீர்ப் பரிசோதனை செய்து, இரண்டு முறையும் முடிவைக் காட்டும் அந்தக் கோட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, குளிசையை உறையில் உதிரியாகத் தந்தால் வாங்காதீர்கள். பெட்டியில் லெவோநொர்கெஸ்ட்ரல் என்ற பெயரையும் காலாவதித் திகதியையும் அங்கேயே நின்று பாருங்கள். கணவரின் சம்மதம் கேட்பவரோடு வாதாடி நேரத்தைப் போக்காமல் அடுத்த கடைக்கோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ போங்கள். பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். உறையையும் மீதிக் குளிசைகளையும் எடுத்துக்கொண்டு நான் முறையிடப் போனபோது, அங்கிருந்தவர் முதலில் கேட்டது பற்றுச்சீட்டைத்தான்.