பென்சிலில் தொடங்கும் தொலையுணர்வுப் பயிற்சி: ஒரு மதிப்புரை

நிலவியல் இறுதியாண்டு மாணவர்களுக்கென இணையவழியில் பத்து வாரம் நடத்தப்பட்ட ஒரு பயிற்சியில், என் வகுப்பு மாணவர்கள் பதினோரு பேருடன் நானும் பெயர் கொடுத்து, ஒரு பயிற்சித்தாள் விடாமல் அவர்களோடு சேர்ந்து செய்தேன். நிலவியல் வரைபடம் படித்தல், தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராய்தல்), வேலைக்கான திறன்கள் என்று மூன்று பகுதிகள். முதற்பகுதி மிகச் சிறப்பானது, இரண்டாவது நன்று, மூன்றாவது ஓரிடம் தவிர ஏமாற்றமே.

முதல் மூன்று வாரங்களுக்குக் கணினியில் எந்த வேலையும் இல்லை. அச்சிட்ட வரைபடம், ஊடுதாள், அளவுகோல், கோணமானி, நன்றாகச் சீவிய பென்சில் ஆகியவை மட்டுமே தேவைப்பட்டன. தொலையுணர்வு கற்க வந்தவர்களுக்கு இது எரிச்சலூட்டியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயிற்சியின் வலிமை முழுவதும் இந்த மூன்று வாரங்களில்தான் இருக்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

பள்ளத்தாக்கில் பாறை எல்லைகள் வளையும் விதியைப் பெரும்பாலும் நாங்கள் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். இங்கே விதியைச் சொல்லாமல், ஒரே பள்ளத்தாக்கின் நான்கு வரைபடங்களைக் கொடுத்து மாணவர்களையே கண்டுபிடிக்க வைத்தார்கள். கிடையாகப் படிந்த அடுக்கின் எல்லை, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோட்டை ஒட்டியே ஓடுகிறது. செங்குத்தாக நிற்கும் அடுக்கின் எல்லை மேடுபள்ளம் பாராமல் நேராகக் கடக்கிறது. சாய்ந்த அடுக்கின் எல்லை ஓடையைக் கடக்கும் இடத்தில் வி எழுத்தைப் போல வளைந்து, அதன் கூர்முனை அடுக்கு சாயும் பக்கத்தைக் காட்டுகிறது. நான்காவது வரைபடத்தில் எல்லோரும் தடுமாறினார்கள். அடுக்கு ஓடை இறங்கும் திசையிலேயே, ஆனால் ஓடைப்படுகையின் சரிவைவிடக் குறைவாகச் சாய்ந்திருந்தால் கூர்முனை ஓடையின் மேற்பக்கம் நோக்கித் திரும்பிவிடும். விதியை மட்டும் அறிந்தவர் சாய்வைத் தலைகீழாகப் படித்துவிடுவார். இதை ஒரு மாணவி தாளை மடித்து, பள்ளத்தாக்கைப் போலப் பிடித்து, தானே கண்டுகொண்ட அந்தக் கணத்திற்காகவே இப்பயிற்சிக்கு நன்றி சொல்வேன்.

அதன்பின் கணக்கு. 400 மீட்டர் சமவுயரக் கோட்டைப் பாறை எல்லை வெட்டும் புள்ளிகளை இணைத்து ஒரு ஸ்ட்ரைக் கோடு (அடுக்கின் பரப்பில் ஒரே உயரத்தில் ஓடும் கோடு), 350 மீட்டரில் இன்னொன்று, இரண்டுக்கும் இடையே கிடைத்தளத்தில் 250 மீட்டர். ஆகவே சாய்வு ஏறத்தாழ 11 டிகிரி. இதே அடுக்கைக் குறுக்குவெட்டில், உயர அளவை 5 மடங்கு பெருக்கி வரையச் சொன்னார்கள். தாளில் அது 45 டிகிரியில் சரிந்து நின்றது. குறுக்குவெட்டைப் பார்த்தவுடன் அதன் அளவு விகிதத்தைத் தேட வேண்டும் என்பதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் பதியாதது, இந்த ஒரு தாளில் பதிந்தது. வண்ணம் தீட்டும்போது, 1815-இல் வில்லியம் ஸ்மித் தம் நிலவியல் வரைபடத்தில் செய்தது போல, ஒவ்வொரு தொகுதியின் அடிப்பகுதியை மட்டும் அடர்த்தியாகத் தீட்டச் சொன்னதும் நல்ல யோசனை. எது மேலே, எது கீழே என்பது பார்த்ததுமே கண்ணுக்குப் புலப்பட்டுவிடுகிறது.

நான்காம் வாரம் முதல் அதே பகுதியின் லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் படங்கள், க்யூஜிஐஎஸ் என்ற கட்டணமில்லா மென்பொருளில். கையால் வரைந்த எல்லைகளை முதலில் படத்தின்மேல் பொருத்திய பிறகே புதிதாக எதையும் குறிக்கலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. அடுத்து வந்த பயிற்சி தேர்ந்த ஆசிரியர் ஒருவரின் கைவண்ணம். கயோலினைட் போன்ற களிமண் கனிமங்கள் 2.2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளியை உறிஞ்சுவதால், படத்தின் 6-ஆம் பட்டையை (பட்டை என்பது ஒரு குறிப்பிட்ட அலைநீள வரம்பில் பதிவான ஒளி) 7-ஆம் பட்டையால் வகுத்தால் அவை உள்ள இடங்கள் பளிச்சென்று தெரியும் என்று கற்பித்து, கனிம மாற்றம் நிகழ்ந்த இடங்களைக் குறிக்கச் சொன்னார்கள். என் மாணவர்களில் ஒன்பது பேர் ஆற்றோரப் பசுமையைக் குறித்தார்கள். இலைகளில் உள்ள நீரும் 7-ஆம் பட்டையைக் கூடுதலாக இருளச் செய்வதால், செழித்த தாவரமும் களிமண்ணைப் போலவே ஒளிரும். பசுமையின் அளவைக் காட்டும் தாவரக் குறியீட்டைக் கணக்கிட்டுப் பசுமையை விலக்கிய பின் எஞ்சியது ஒரு சிறு திட்டு மட்டுமே. அந்தத் திட்டு அவர்கள் பென்சிலால் வரைந்திருந்த பிளவுப்பெயர்ச்சியின்மேல் (பாறைகள் உடைந்து இருபுறமும் விலகிய இடம்) உட்கார்ந்திருந்தது.

நிழற்சாய்வுப் படத்திலும் இதே முறைதான். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்தில் சென்ற ரேடார் சேகரித்த உயரத் தரவை வைத்து, வடமேற்கிலிருந்து ஒளி விழுவது போன்ற படத்தை முதலில் தந்தார்கள். ஒளியின் திசையிலேயே ஓடும் வடமேற்கு-தென்கிழக்குக் கோடுகள் அதில் ஏறக்குறைய மறைந்துபோயின. ஒளியை வடகிழக்குக்கு மாற்றியதும் வேறொரு நிலம் தோன்றியது போல அவை எழுந்து நின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆஸ்டர் என்ற செயற்கைக்கோள் கருவியின் குற்றலை அகச்சிவப்புப் பகுதி 2008 ஏப்ரலுடன் செயலிழந்துவிட்டது. அதன்பின் எடுத்த படங்களில் அந்தப் பட்டைகள் பயன்படாது. இந்தத் தகவல் பாடக்குறிப்பில் எங்கும் இல்லாததால், மாணவர்கள் அண்மைக்காலப் படங்களைத் தரவிறக்கி ஒரு நாள் முழுவதையும் இழந்தார்கள். இதைவிடப் பெரிய குறை, பத்து வாரத்திலும் களத்தில் சரிபார்க்கும் வேலை எதுவும் இல்லாதது. ஒளிப்படங்களாலோ பாறை மாதிரிகளின் நிறமாலை அளவீடுகளாலோ ஓரளவு ஈடுசெய்திருக்கலாம், அதற்கும் முயலவில்லை.

வேலைத்திறன் பகுதியில் தன்விவரக் குறிப்பு எழுதுவது, நேர்காணலுக்கு ஆயத்தமாவது போன்றவை எத்துறைக்கும் பொருந்தும் பொதுப்பாடங்களாகவே இருந்தன. நிலத்தடிநீர், கனிமத் தேடல், கட்டுமான நிலவியல் ஆகிய மூன்றிலும் ஒரே வரைபடத்திடம் வெவ்வேறு கேள்விகள் கேட்கப்படும் என்பதை வைத்தே இரண்டு வாரம் நடத்தியிருக்கலாம்.

ஒரு பயிற்சி மட்டும் இதற்கு விதிவிலக்கு. வரைபடத்தில் நேரில் கண்ட எல்லையை முழுக்கோடாகவும், ஊகித்ததை விட்டுவிட்டு வரையும் கோடாகவும், மண்ணுக்கடியில் மறைந்ததைப் புள்ளிக்கோடாகவும் வரைவது மரபு. அதே வேறுபாட்டைச் சொற்களில் காட்டி, நிலவியல் அறியாத பொறியாளர் ஒருவருக்கு ஒரு பக்க அறிக்கை எழுத வேண்டும். "இங்கே பிளவுப்பெயர்ச்சி உள்ளது" என்று முதலில் எழுதிய மாணவர் ஒருவர், மூன்றாம் திருத்தத்தில், "படத்தில் 2 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு நேர்கோட்டு அமைப்பு தெரிகிறது, அதன் இருபுறமும் அடுக்குகள் விலகியிருப்பது வரைபடத்தில் ஓரிடத்தில் மட்டுமே உறுதியாகிறது, துளையிடும் முன் அவ்விடத்தைக் களத்தில் பார்க்க வேண்டும்" என்று எழுதினார். ஒவ்வொரு திருத்தத்திற்கும் பயிற்றுநர் வரிக்கு வரி குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

கட்டமைப்பு நிலவியலில் ஒரு பருவமாவது படித்த மாணவர்களுக்கே இப்பயிற்சியைப் பரிந்துரைப்பேன்; சாய்வும் ஸ்ட்ரைக்கும் புதிதாக இருப்பவர்கள் இரண்டாம் வாரத்திலேயே பின்தங்கிவிடுவார்கள். அடுத்த ஆண்டு மாணவர்களையும் சேர்க்கவே எண்ணியிருக்கிறேன். ஆனால் ஏழாம் வாரம் முடிந்ததும் அவர்கள் வரைந்த படங்களையும் திசைகாட்டியையும் எடுத்துக்கொண்டு, விட்டுவிட்டு வரைந்த கோடுகள் ஒவ்வொன்றின்மீதும் அவர்களை நானே நடத்திச் செல்வேன்.