2 எம்பி அன்லிமிடெட் நெட்னு வயர் இழுக்க வராங்களா? காசு குடுக்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் கிராமத்துல இருந்துக்கிட்டு வீட்டுக்கு நெட் வேணும்னு அலையுறவங்களுக்காக எழுதுறேன். போன வாரம் பக்கத்துத் தெருவுல, நெட் தரேன்னு என்னை ஏமாத்துன கேபிள் டிவிக்காரர் அதே பேச்சோட வந்து நின்னத பாத்தப்பறம் சும்மா இருக்க முடியல. பேர் சொல்லல, சொன்னா வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க.

என் தம்பி சிங்கப்பூர்ல இருக்கான். அவனுக்குப் பொண்ணு பொறந்ததுலேர்ந்து அம்மாவுக்கு வெப்கேம்ல பேத்தியப் பாக்கணும்னு ஒரே ஏக்கம். போன் லைன்ல நம்பர் டயல் பண்ணி நெட் வர்ற டயல்-அப்ல ஸ்கைப் (வீடியோ கால்) போட்டா பாப்பா மூஞ்சி கட்டம் கட்டமா வந்து அப்படியே நின்னுரும், அந்த நேரம் பூரா வீட்டு போனும் எங்கேஜ்டு. சரி போன் லைன்லயே வர்ற பிராட்பேண்ட் போட்டுறலாம்னு கேட்டா, லைன்மேன் அண்ணன் வந்து பாத்துட்டு, "எக்ஸ்சேஞ்சு ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு தம்பி, இந்த காப்பர் வயர்ல அவ்ளோ தூரம் சிக்னல் தாங்காது, காச வீணாக்காத"ன்னு நேராவே சொல்லிட்டாரு. அந்த மனுசன் பேச்சோட விட்ருக்கணும் நான்.

அப்பதான் நம்ம கேபிள்காரர் வந்தாப்ல. டவுன்லேர்ந்து எங்க ஊர் கேபிள் ஆபீஸ் மாடிக்கு ஆன்டெனா வச்சு நெட் கொண்டாந்துட்டோம், அங்கேர்ந்து வீட்டுக்கு லேன் வயர் (கம்ப்யூட்டர்கள ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற வயர்), 2 எம்பி ஸ்பீடு, அன்லிமிடெட், மாசம் 500 ரூபா, வயர் இழுக்க 3000 அட்வான்ஸ், வேணாம்னா திருப்பிக் குடுத்துருவோம்னு அடுக்குறாரு. வயர இழுத்து என் கம்ப்யூட்டர்லயே மாட்டி, 192.168னு ஆரம்பிக்கிற ஒரு நம்பர அடிச்சு, 700 எம்பி படம் ஒண்ண எறக்கிக் காட்டினாரு. ரெண்டு நிமிஷம் கூட ஆகல. அம்மா சமையக்கட்டுலேர்ந்து எட்டிப் பாத்து "இவ்ளோ வெரசா வருதே"ன்னு சொல்ல, நான் பீரோவத் தொறந்துட்டேன்.

கணக்கு தெரிஞ்சிருந்தா அங்கயே பிடிச்சிருக்கலாம். அவங்க சொல்ற 2 எம்பிங்கறது பிட்டு, நம்ம ஃபைல் சைஸ்ங்கறது பைட்டு, எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு. நெசமாவே 2 எம்பி லைனா இருந்தாலும் செகண்டுக்கு 250 கேபி, அதாவது கிலோபைட்டு தான் எறங்கும், அப்ப அந்தப் படத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆகணும். ரெண்டு நிமிஷத்துல வந்துச்சுன்னா அது நெட்லேர்ந்தே வரலன்னு அர்த்தம்! படம் அவங்க கேபிள் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கெடந்துருக்கு, 192.168னு ஆரம்பிக்கிறது வெளி நெட் அட்ரஸ் இல்ல, உள்ளூர் வயருக்குள்ளயே இருக்கற கம்ப்யூட்டரோட அட்ரஸ். நம்ம தெருவுக்குள்ளயே ஓடுற வயர்ல வேகத்துக்கு என்ன கொறச்சல்.

மொத ரெண்டு நாள் பரவால்ல. அப்பறம் சாயங்காலம் ஆறரை ஆனா படுத்துரும். ஆறரை எங்களுக்கு முக்கியம், அங்க ஒம்பது மணி, பாப்பா தூங்கறதுக்கு முன்னாடி கெடைக்கிற ஒரே நேரம். உக்காந்து அளந்து பாத்தேன், செகண்டுக்கு 5 கேபி, அதாவது பழைய டயல்-அப்பு. கேபிள் ஆபீஸ்ல வேல பாத்த பையன் ஒருத்தன் பின்னாடி சொன்னான், டவுன்ல ஒரே ஒரு 2 எம்பி கனெக்‌ஷன் எடுத்து நாப்பது வீட்டுக்குப் பிரிச்சு விட்ருக்காங்கன்னு. கேபிள்காரர்கிட்ட நேர்ல போய், 2004-ல கவர்மென்ட் போட்ட கொள்கையிலயே 256 கேபிபிஎஸ்-க்கு (செகண்டுக்கு 256 கிலோபிட்டு) கீழ போனா அது பிராட்பேண்டே இல்லன்னு இருக்கு, அதுவே 32 கேபி வரணுமேன்னு கேட்டேன். "அது டவுனுக்கு சார்"னு சொல்றாரு. என்னத்த சொல்ல.

வயர் வந்த அழகையும் கேட்டுக்கங்க. லேன் வயரு நூறு மீட்டருக்கு மேல ஒழுங்கா வேல செய்யாது, எங்க வீடு ஆபீஸ்லேர்ந்து எரநூத்தம்பது மீட்டராவது இருக்கும், அதனால நடுவுல ரெண்டு தென்னமரத்துல பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள, சிக்னல அடுத்த வயருக்குத் தள்ளி விடுற நெட்வொர்க் சுவிட்ச் வச்சுக் கட்டிருக்காங்க, ஐஸ்கிரீம் வாங்குற டப்பா தான், மூடிய சணல் கயித்தால சுத்தி. அதுக்குக் கரண்டு கீழ இருக்கற வீட்டுக் கொல்லைலேர்ந்து. அந்த வீட்டு ஆச்சி ராத்திரி ஒம்பதுக்கு மெயின ஆஃப் பண்ணிட்டுப் படுத்துருவாங்க, நம்ம வீட்ல யுபிஎஸ் இருந்து என்ன பிரயோஜனம்.

ஐப்பசி அடைமழைல ஒரு நாள் இடி. வயர் வழியா எறங்கி மதர்போர்டு போயிருச்சு, 3200 ரூபா தண்டம். "இடி விழுந்ததுக்கு நான் என்னங்க பண்றது"ன்னு கைய விரிச்சாரு. கனெக்‌ஷனே வேணாம், அட்வான்ஸக் குடுங்கன்னு கேட்டா ரசீத எடுத்துக் காட்டுறாரு. நான் அன்னைக்குப் படிக்கவே இல்ல, அதுல "கேபிள் வேலைக் கூலி ரூ. 3000"னு தான் எழுதிருக்கு. அட்வான்ஸுங்கற வார்த்தையே இல்ல, இன்டர்நெட்டுங்கற வார்த்தையும் இல்ல.

ஒங்ககிட்ட வந்தா, சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து காட்டச் சொல்லுங்க, வெளி சைட்லேர்ந்து நீங்க சொல்ற ஃபைல எறக்கச் சொல்லுங்க. நெட் விக்க டெலிகாம் டிபார்ட்மென்ட் லைசென்ஸ் வேணும், அந்த லைசென்ஸ் கம்பெனி பேரு பில்லுல இருக்கான்னு பாருங்க. ரசீதுல "திருப்பித் தரப்படும் அட்வான்ஸ்"னு எழுதி வாங்காம ஒத்த ரூபா குடுக்காதீங்க.

ஏற்கெனவே எங்க ஊர்ல குடுத்துட்டவங்க ரசீதக் கிழிச்சுப் போட்ராதீங்க. நாங்க ஏழு வீடு சேந்து திருவாரூர் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போலாம்னு இருக்கோம், வக்கீல் எல்லா ரசீதையும் கேட்ருக்காரு.