128 ஜிபி கார்டுக்குள் 29 ஜிபி: ராஸ்பெரி பைக்கு ஸ்டோரேஜ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ராஸ்பெரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டருக்கு டிஸ்க்காகப் போட ஆன்லைனில் 449 ரூபாய்க்கு வாங்கிய 128 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு. பெரிய பிராண்டின் அட்டை, ஏ2, யு3 வேக முத்திரைகள் எல்லாம் அச்சு அசல். ஓஎஸ் இமேஜ் (இயங்குதளக் கோப்பு) எழுதினதும் பூட் ஆனது, பதினோரு நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு லாக் கோப்புகள் பூஜ்ஜிய பைட்டாகின, கர்னல் லாகில் வரிசையாக இஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) எரர், ரூட் பார்ட்டிஷன் ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) ஆகி நின்றுவிட்டது.

விற்றவரிடம் கேட்டால் வந்த பதில்: "மொபைல்ல போட்டு ஃபார்மட் பண்ணிப் பாருங்க சார், 128 காட்டும்." காட்டும்தான். ஏமாற்றே அங்கேதான் இருக்கிறது. உள்ளே இருப்பது 32 ஜிபி சிப். சிப்பை நடத்தும் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரை மாற்றி 128 என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். ஃபார்மட் செய்யும்போது எழுதப்படுவது கொஞ்சமே என்பதால் அதில் பொய் வெளிப்படாது.

பூட் ஆனதும் இதே காரணத்தால்தான். ஓஎஸ் இமேஜ் முதல் சில ஜிபிக்குள் உட்கார்ந்துவிடும், அந்த இடம் நிஜமானது. முதல் பூட்டிலேயே ரூட் பார்ட்டிஷன் கார்டு சொல்லும் அளவுக்கு விரிகிறது. கார்டு நிறைந்தால்தானே சிக்கல் என்று நினைக்க வேண்டாம். இஎக்ஸ்டி4 புது டைரக்டரிகளைத் தள்ளித் தள்ளிப் போடும் பழக்கம் உள்ளது. அதனால் கார்டு நிறையுமுன்பே இல்லாத இடத்துக்கு எழுதப்படும். அப்படிப் போன டேட்டா ஒன்று மாயமாகும், இல்லை பழைய டேட்டா மேல் ஏறி உட்காரும். கார்டோ 'எழுதியாச்சு' என்றே பதில் சொல்லும்.

கார்டு கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியது, கார்டின் நிஜ அளவைக் காட்டும் எஃப்3 மென்பொருள் சோதனை. டெபியன் லினக்ஸ் களஞ்சியத்திலேயே கிடைக்கும், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யு. முதலில் எஃப்3ரைட் கார்டு முழுக்க நிரப்பும். நொடிக்கு 30 எம்பி வேகத்தில் எழுதினாலும் 70 நிமிடத்துக்கு மேல் ஆகும், பொறுமை வேண்டும். முடிந்ததும் கார்டைக் கழற்றி மறுபடி செருகி எஃப்3ரீட் ஓட்டுங்கள். கழற்றாமல் படித்தால் கேஷில் இருப்பதே திரும்பி வரலாம். மேலே சொன்ன கார்டில் வந்தது: டேட்டா ஓகே 29 ஜிபி, டேட்டா லாஸ்ட் 90 ஜிபி. எழுதும் வேகம் 11 எம்பி. யு3 என்றால் குறைந்தது 30 எம்பி இருக்க வேண்டும். (128 ஜிபி கார்டு 119 என்று காட்டுவது மோசடி இல்லை. கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, கம்ப்யூட்டர் 1024-ஆல். 32 ஜிபி சிப் 29 ஆவதும் இதே கணக்கில்தான்.)

இன்னொரு சோதனை ஒரு நிமிட வேலை. பையின் சொந்த ஸ்லாட்டில் கார்டைப் போட்டு, சிஸ் டைரக்டரியில் (லினக்ஸ் வன்பொருள் விவரம் காட்டும் இடம்) எம்எம்சி டிவைஸின், அதாவது கார்டின், தயாரிப்பாளர் ஐடியையும் ஓஇஎம் ஐடியையும் பாருங்கள். அசல் சான்டிஸ்க் என்றால் 3, 5344 இருக்கும். அந்த 5344 'எஸ்', 'டி' எழுத்துகளின் ஹெக்ஸ் ஆஸ்கி எண்கள். ஓஇஎம் ஐடி வெறும் பூஜ்ஜியமாக இருந்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். யுஎஸ்பி கார்டு ரீடர் வழியாக இதைப் படிக்க முடியாது.

ஏ2 முத்திரைக்காக பை 4-க்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அதன் வேகத்துக்கு கமாண்ட் க்யூ (கட்டளைகளை வரிசையில் சேர்த்து முடிக்கும் வசதி) வேண்டும், பை 4-இல் அது கிடைக்காது. நல்ல ஏ1 கார்டே போதும்.

எஸ்டியை விட்டு யுஎஸ்பி எஸ்எஸ்டிக்குப் போனால் மாட்டிவிடுவது பெட்டிக்குள் யுஎஸ்பியையும் டிஸ்க்கையும் இணைக்கும் பிரிட்ஜ் சிப். சில ஜேமைக்ரான் பிரிட்ஜ்கள் யுஏஎஸ் என்ற வேகமான யுஎஸ்பி முறையில் திக்கி, ரீசெட் மேல் ரீசெட் ஆகும். பூட் பார்ட்டிஷனில் உள்ள சிஎம்டிலைன் கோப்பில் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவிர்க்ஸ் சேர்த்து, வெண்டர் ஐடி, ப்ராடக்ட் ஐடி, கடைசியில் 'யு' (யுஏஎஸ் வேண்டாம் என்று அர்த்தம்) போட்டால் அடங்கும். எல்லாம் அதே ஒற்றை வரியில். புது வரிக்குப் போனால் அது படிக்கப்படாது. வேகம் கொஞ்சம் குறையும். மின்சாரமும் கவனம்: பை 4-இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். பை 5-இல் 5 ஆம்பியர் சப்ளை இல்லையென்றால் வெறும் 600 மில்லி ஆம்பியர். டிஸ்க் பழுது என்று திருப்பி அனுப்புமுன் சப்ளையை மாற்றிப் பாருங்கள். மலிவு விலையில் '16 டிபி எஸ்எஸ்டி' என்று வருவதைப் பிரித்தால் மைக்ரோ எஸ்டி கார்டு ஒட்டியிருக்கும்.

பை 5-க்கு, பிசிஐஇ இணைப்பில் நேரடியாக ஓடும் என்விஎம்இ எஸ்எஸ்டிதான் சரியான வழி, பிசிஐஇ ஜென் 2-விலேயே நொடிக்கு 400 எம்பியைத் தாண்டும். ஆனால் 'எம்.2 எஸ்எஸ்டி, பை 5-க்குப் பொருந்தும்' என்று அதே வடிவில் வரும் பழைய சாட்டா வகை எம்.2 டிஸ்க்கைத் தள்ளிவிடுகிறார்கள். ஹேட்டில் (பை மேல் மாட்டும் கூடுதல் பலகை) அழகாகப் பொருந்தும், பூட் ஆகவே ஆகாது. முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. லேபிளில் என்விஎம்இ என்று இருக்கிறதா பாருங்கள். எதிலிருந்து முதலில் பூட் ஆக வேண்டும் என்று சொல்லும் பூட் ஆர்டர் மதிப்பை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: எஃப்416 என்றால் முதலில் என்விஎம்இ (6), பிறகு எஸ்டி (1), பிறகு யுஎஸ்பி (4).

திருப்பி அனுப்புவது என்றால் பார்சல் பிரிப்பதிலிருந்து எஃப்3 முடிவு வரை வீடியோ எடுங்கள், ரிட்டர்ன் கெடு முடியுமுன். இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915. 'ரீப்ளேஸ்மென்ட் மட்டும்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பணமாகக் கேளுங்கள். மாற்றாக வருவதும் அதே லாட்டில் இருந்தே வரலாம்.