மூணாம் நம்பர் அறையும் அதன் ஜன்னலும்

ஜூனில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் போய்விட்டு வந்ததிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "நீங்க வழக்கமா தங்குற அந்த பப்ல வார நாள் வாடகையைக் குறைச்சிருக்காங்களாமே, நாங்க ரெண்டு பேரும் போகலாமா?" போனில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஆறு வருஷத்தில் ஒன்பது தடவை தங்கியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இடம் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கு, ஹாஸ் ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி. கீழே பப், மேலே நாலு அறை, பின்னால் கல் பாவிய முற்றம். கணப்பு, தாழ்வான உத்தரம் எல்லாம் அந்தப் பக்கத்துப் பழைய பப் எதிலும் பார்க்கலாம், அதை விட்டுவிடுகிறேன். சாப்பாடு நன்றாகவே இருக்கும். மாவுக்குள் கறியோ காயோ வைத்துச் சுடுகிற 'பை' (pie) கேட்டால் கிண்ணத்துக்கு மேலே மட்டும் மாவு மூடித் தருகிற ஏமாற்று வேலை இல்லை, அடியிலும் சுற்றிலும் மாவு வைத்துச் சுட்ட பை வரும். பழக் கேக்கோடு வென்ஸ்லிடேல் சீஸ் ஒரு துண்டு வைத்துச் சாப்பிடுவது அந்த ஊர்ப் பழக்கம், தயங்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். எட்டரைக்குச் சமையலறையை மூடிவிடுவார்கள், ஏழு மணிக்கே ஆர்டர் கொடுத்துவிடுவது நல்லது.

நான் போவது பீருக்காக. இங்கிலாந்துக்காரர்கள் வெதுவெதுப்பான பீர் குடிப்பார்கள் என்று நம் ஊரில் சொல்வதை நானும் நம்பியிருந்தவன்தான். அது தப்பு. பீப்பாயிலிருந்து ஊற்றுகிற ஏல் என்ற பீர் வகை 11 முதல் 13 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் கெட்டுவிடும், ரொம்பக் குளிர்ந்தால் கலங்கிப்போகும், ருசியும் தெரியாது. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து அனுப்புவதால், பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் அது நொதித்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை, கை பம்பை இழுத்துத்தான் மேலே கொண்டு வருகிறார்கள். பீப்பாயைத் திறந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும், மூன்று நாளைக்குள் விற்றாக வேண்டும். ஒன்பது கேலன் பீப்பாய் என்றால் 72 பைன்ட், அதாவது 72 பெரிய டம்ளர், கூட்டம் இல்லாத வாரத்தில் அதை விற்று முடிப்பது லேசு இல்லை. அதனால்தான் பல இடங்களில் புளிப்பேறின பீரைக் கூசாமல் ஊற்றித் தருகிறார்கள்.

இந்த பப்பை நடத்துகிற அம்மா அப்படி இல்லை. காலையில் கடை திறப்பதற்கு முன்னால், ராத்திரி முழுக்கக் குழாயில் கிடந்த பீரை இழுத்துக் கொட்டிவிட்டு, அடுத்ததைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். முகர்ந்து, ஒரு வாய் குடித்து, திருப்தியானால்தான் பம்பு மேலே அந்த ஏலின் பெயர்ப் பலகையை மாட்டுவார். ஒரு பிப்ரவரியில் நான்கு பம்பில் மூன்றின் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, "இன்றைக்கு இது ஒன்றுதான்" என்று சொன்னவர். அந்த ஒன்று, பக்கத்து மாஷம் ஊரின் பிட்டர் என்கிற கசப்பு ஏல். குழாய் முனையில் பொடி ஓட்டை போட்ட மூடி மாட்டி ஊற்றுவது வடக்குப் பக்கத்து வழக்கம், அதனால் நுரை பால் ஏடு மாதிரி நிற்கும். குடிக்கக் குடிக்க டம்ளரில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டு இறங்கும். நான் குடித்ததிலேயே அதுதான் நல்ல பைன்ட்.

நீங்கள் சைவம் என்பதால் ஒன்று சொல்லிவிட வேண்டும். பல ஏல்களைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற பொருளைச் சேர்க்கிறார்கள். அது சேராத பீரும் உண்டு, அந்த அம்மாவிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்.

இப்போது மூணாம் நம்பர் அறைக்கு வருகிறேன். அந்தப் பீரை 12 டிகிரியில் வைக்கிற இயந்திரத்தின் அவுட்டோர் யூனிட், முற்றத்துச் சுவரில், நேராக அந்த அறை ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. குளிர்காலத்தில் நிலவறை தானாகவே குளிர்ந்து கிடப்பதால் அது ஓடுவதே அபூர்வம். நான் முதலில் போனது ஒரு நவம்பரில், அப்படி ஒரு இயந்திரம் இருப்பதே தெரியாது. ஜூனில் கதை வேறு. அறையில் ஏசி கிடையாது, ஜன்னலைத் திறந்தால்தான் மூச்சு விட முடியும். 'டக்' என்று ஒரு சத்தம், சுவர் ஒரு தடவை உதறும், அப்புறம் உறுமல். தலைமாட்டில் வைத்த தண்ணீர் டம்ளரில் நெளிவு ஓடும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் நிற்கும். ஆடு கத்துவது மட்டும் கேட்கும், கண் சொக்கும், மறுபடி 'டக்'. நாலரைக்கெல்லாம் அங்கே விடிந்துவிடும். அதற்கு மேல் எங்கே தூங்குவது?

கோடையில் தங்கிய நாலு தடவையும் இதேதான். போன மே மாதம் பழைய கம்ப்ரசர் ரிப்பேராகி, புதுசு மாட்டி, அடியில் ரப்பர் வைத்திருக்கிறோம், இனி சத்தமே இருக்காது என்று அந்த அம்மாவே எழுதியிருந்தார். இருந்தாலும் முன்பக்க அறைதான் வேண்டும் என்று கேட்டேன், சரி என்றார். போய் இறங்கினால் கையில் மூணாம் நம்பர் சாவி. முன்பக்கத்தை நடைபயணக் கும்பலுக்குக் கொடுத்துவிட்டாராம். உறுமல் குறைந்திருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அந்த 'டக்' அப்படியேதான் இருக்கிறது.

இயந்திரத்தை வேறு சுவருக்கு மாற்றக் கூடாதா என்று கேட்டேன். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம், ஒரு துளை போடவும் அனுமதி வேண்டும் என்றார். உண்மைதான், அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறை விஷயத்தில் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற யாருடைய அனுமதி வேண்டும்? குடித்துவிட்டுக் காரை எடுக்க முடியாது, ராத்திரியில் பஸ் கிடையாது. அங்கே குடிக்கிறவன் அங்கேதான் படுத்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா?

இவ்வளவு நல்ல பீர் அந்தப் பக்கத்தில் எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. அப்படியும் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாடகை குறைத்திருப்பது எந்த அறைக்கு என்று கேட்டுப் பார்த்தேன், மூணாம் நம்பருக்குத்தான். ஆகஸ்டுக்கு நான் கட்டியிருந்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.